சுறா அக்கா

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது கண்டி மத்திய சந்தையின் மீன் பகுதியில். வெள்ளைப் பருத்திச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி, நல்ல விலை போகும் சப்பாத்து. அந்தக் கோலத்தில் ஒருவர் மீன் வெட்டும் பலகைக்கு முன் குனிந்து நின்று, ஒரு சுறாவின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் மீன் வாங்க வந்ததையே மறந்துவிட்டார்கள். நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கடைக்காரர் மடவளைப் பக்கத்து மனிதர். கத்தியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பாட காலத்திலருந்து இந்தக் கடை எங்கட. குடலைக் கேட்டு வந்த ஆள் நீங்க மட்டுந்தான் மிஸ். இதுல என்னத்தத் தேடுறீங்க?"

"கடைசியா என்ன சாப்பிட்டது எண்டு பாக்கிறன்."

"செத்த சுறா என்ன சாப்பிட்டா நமக்கென்ன மிஸ்?"

"உயிரோட இருக்கிறது என்ன சாப்பிடுது எண்டு வேற யாரிட்டப் போய்க் கேக்கிறது?"

வெளியே வந்த கையில் பாதி கரைந்த கணவாயும் ஒரு நண்டுக் காலும் இருந்தன. ஒரு பிளாஸ்டிக் நாடாவும் கூட. உள்ளங்கையில் பரப்பி வைத்து, நகை பார்ப்பதுபோல் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நானும் திருப்பினேன். அவர் பார்த்து முடியும் வரை கண்ணை எடுக்கவில்லை.

அதுதான் அவர். பிறகு எவ்வளவோ நடந்தது. ஆனால் அவரை நினைத்தால் அந்தக் கண்தான் எனக்கு முதலில் வரும். மற்றவர்கள் பார்க்க முடியாமல் திரும்புகிற இடத்தில் அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் அப்போது கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோவாக வேலை செய்தேன். வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்கிற நோயாளிகளுக்கு மாலையில் போய்ப் பயிற்சி கொடுப்பேன். அப்படித்தான் அம்பிட்டியவில் ஒரு வீட்டுக்குப் போனேன். இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மாவுக்கு நடக்கப் பழக்க வேண்டும் என்றார்கள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு மீன் வாடை அடித்தது போலிருந்தது. அதே மூக்குக்கண்ணாடி.

"வாங்கோ. மாமி உள்ளுக்கு இருக்கிறா" என்றார்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா கண்டிக் கச்சேரியில் அரசாங்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன். அவனும் இல்லை. மருமகள் அவுஸ்திரேலியாவில் பல வருடங்கள் சுறா ஆராய்ச்சி செய்தவர். மாமியார் விழுந்தார் என்று கேட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தார். பேராதனையில் வாரத்தில் இரண்டு வகுப்பு எடுத்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் சுறா அக்காதான். எனக்கும் அப்படியே.

எங்கள் வீட்டில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், சுறா என்றால் கருவாடு. ஒரு படித்த பெண் அதன் பின்னால் படகில் திரிவாள் என்று சொன்னபோது என் அப்பா சிரித்தார். "கருவாட்டுக்கா இவ்வளவு படிப்பு?" என்றார். அதை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன்ர அப்பா கேக்கிறது சரி. கருவாடாகிற அளவுக்குத்தான் சனம் அதைத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றார்.

வலது கையின் உட்புறத்தில் அவருக்கு ஒரு நீளமான தழும்பு. சுறாவின் தோல் உரசியதாம். அரத்தால் தேய்த்ததுபோல் இருந்தது. வெள்ளைச் சுறாவைப் படகோடு சேர்த்து இழுத்துப் பிடித்து, கவிழ்த்துப் போட்டால் அது மயங்கினதுபோல் அசையாமல் கிடக்குமாம். அந்த நேரத்துக்குள் வயிற்றைக் கொஞ்சமாக வெட்டி, விரல் அளவு கருவியை உள்ளே வைத்துத் தைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சத்தம். சனம் குளிக்கிற கடற்கரைகளுக்கு முன்னால், கடலுக்கு அடியில், அந்தச் சத்தத்தைக் கேட்கிற காதுகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சுறா கிட்ட வந்தால் காதுக்குக் கேட்கும், கரையில் மணி அடிக்கும், சனம் கரையேறும். இதையெல்லாம் அம்மாவின் அறைக்கு வெளியே, குசினியில் நின்று, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய போனுக்கும் அந்தச் செய்தி வரும். தூரத்திலிருந்தபடியே பழைய குழுவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் மேசையில் கிடந்த போன் ஒருமுறை முனகியது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். "அக்கா, அம்மாவோட மகன் கடல்லதான் போனாருன்னு சொன்னாங்க. நீச்சல் தெரியாதா அவருக்கு?"

"நல்லா நீந்துவார். பள்ளிக்கூடத்திலேயே நீச்சலுக்குப் பரிசு வாங்கினவர்."

"அப்புறம் எப்படி?"

"சுறா கடிச்சு."

கையிலிருந்த கோப்பை சாய்ந்து என் சட்டையில் தேத்தண்ணி கொட்டியது. சூடு கூட உறைக்கவில்லை. அவர் துணியை எடுத்து நீட்டினார். நீட்டிக்கொண்டே சொன்னார்:

"இப்ப போனில வந்ததே, அந்தச் சுறாதான். பொம்பிளைச் சுறா. அவளுக்குக் கருவி வச்சுத் தைச்சது இந்தக் கை."

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா எனக்காகக் காத்திருந்தார். வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

"சுறா கடிச்சது தெரியும். அதைச் சுட்டுப் போட்டினம் எண்டு சொந்தக்காரர் சொல்லி வச்சிருக்கினம். நான் சொல்லேல்லை. மாமி என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டா உள்ளதைச் சொல்லுவன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் போன் முனகும் போதெல்லாம் நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அம்மா கட்டிலில் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பார். தன் மகனைக் கொன்ற மீன் எந்தக் கரையில் திரிகிறது என்ற செய்தி அடுத்த அறைக்கு வந்து சேரும். அக்கா அதைப் படித்துவிட்டு வந்து, மாமிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பார். இந்தப் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறதா என்று நான் நினைத்ததுண்டு. பேயைப் பார்ப்பதுபோல் பார்த்ததும் உண்டு.

மகனின் அந்த வருடத் திவசம் நெருங்கியது. பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று வாங்கி வரச் சொல்லி அம்மா எங்கள் இருவரையும் பிலிமத்தலாவைக்கு அனுப்பினார். விளக்கை வாங்கிக்கொண்டு கொழும்பு வீதியைக் கடக்க நின்றபோது, எங்கள் கண்முன்னே ஒரு மோட்டார் சைக்கிள் பஸ்ஸை முந்தப் போய் லொறியில் அடிபட்டது. ஓட்டி வந்த பையன் எங்கள் காலடிக்குச் சற்றுத் தள்ளி வந்து விழுந்தான். தொடையிலிருந்து இரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. சனம் சேர்ந்தது, பாதிப் பேர் கண்ணைப் பொத்தினார்கள். நான் மருத்துவமனையில் வேலை செய்பவள். ஆனால் எங்களிடம் வருகிற உடம்புகள் கழுவி, கட்டி, தைத்துத்தான் வரும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அக்கா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டார். தோளில் கிடந்த சால்வையைச் சுருட்டித் தொடையின் மேற்பகுதியில் வைத்து, இரண்டு கை முட்டியாலும் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார்.

"தங்கச்சி, இஞ்ச வா. எனக்குப் பாரம் காணாது. உன்ர கையையும் இதில வை."

வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திற. பாக்காம அமத்தினா இடம் மாறிப் போகும். பார்."

பார்த்தேன். இரத்தம் நின்றது. அம்புலன்ஸ் வரும் வரை இருவரும் அப்படியே இருந்தோம். அந்தப் பையன் பிழைத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் எங்கள் உடுப்பையே பார்த்தார்கள். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"அவர் செத்த பிறகு" என்றார். "தொடையில கடிச்சா இப்பிடித்தான் அமத்தவேணும். அண்டைக்குக் கரையில அது ஒருத்தருக்கும் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தா சிலவேளை உயிரோட இருந்திருப்பார்."

பஸ் கடந்துகொண்டிருந்த பேராதனைப் பாலத்தைப் பற்றிச் சொல்வதுபோல அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

அந்த வருடம் பாடசாலை விடுமுறைக்குச் சற்று முன் ஒரு வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. கிழக்குக் கரையில் சனம் நிறையக் குளிக்கிற ஒரு கடற்கரை, தண்ணீருக்கு மேல் ஒரு முதுகுச் செட்டை, பின்னால் அலறல். கண்டியிலிருந்து கடலுக்குப் போக இருந்தவர்கள் பயணத்தை நிறுத்தினார்கள். சுறாவையெல்லாம் பிடித்து அழிக்க வேண்டும் என்று எழுதினார்கள். நகரத்தில் ஒரு சங்கத்தார் அக்காவைக் கூப்பிட்டுத் தமிழில் ஒரு பேச்சு வைத்தார்கள்.

"என்ர மருமகள் மேடையில பேசிறா, நான் வீட்டில கிடக்கிறதோ?" என்றார் அம்மா. அப்போது வோக்கரைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடப்பார். நான் ஓட்டோவில் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தேன். பட்டுச்சேலை உடுத்து, பவுடர் பூசியிருந்தார்.

அக்கா நன்றாகத்தான் பேசினார். அந்த வீடியோவில் இருந்தது சுறா அல்ல, ஓங்கில் என்கிற டொல்பின் என்றார். செட்டையின் வளைவைப் படத்தில் காட்டினார். வெள்ளைச் சுறாவை நமது கடலில் கண்டது அரிது என்றார். வேறு நாடுகளில் அவற்றைத் தேடிக் கருவி பொருத்துவது எப்படி என்று சொன்னபோது மண்டபம் வாய்திறந்து கேட்டது. அம்மா இரண்டு முறை பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் என்று சொல்லத் துடித்தது தெரிந்தது.

கேள்வி நேரத்தில் நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சுற்றுலா வேன் ஓட்டுபவராம். அந்த விடுமுறைப் பயணங்கள் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தன.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. படிச்சவங்க, அதுகள கொல்லாதீங்கன்னு சொல்றீங்க. உங்க வீட்டு ஆள் ஒருத்தர சுறா கடிச்சிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அக்கா அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு முன் வரிசையைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். அவர் அதைக் கண்டார். கண்டும் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"என்ர மனுசன் வெள்ளைச் சுறா கடிச்சுத்தான் செத்தவர்" என்றார். "அந்தச் சுறாவுக்கு நான்தான் கருவி வச்சனான். அண்டைக்கு மணியும் அடிச்சது. எல்லாரும் கரையேறிட்டினம். அவர் தூரத்தில தலையைத் தண்ணிக்குள்ள வச்சு நீந்திக்கொண்டு இருந்தவர், கேக்கேல்லை. நான் வேலை செய்யிற கந்தோரில இருந்து அவற்ற போனுக்கு அடிச்சனான். அது காருக்குள்ள கிடந்தது."

ஒலிவாங்கியை விடாமல் அவர் தொடர்ந்தார்.

"அதைத் தேடிச் சுடவேணும், எங்க நிக்குது எண்டு சொல்லுங்கோ எண்டு அதிகாரிமார் வந்து கேட்டவை. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை. கருவி வச்ச சுறா வந்தாத்தான் மணி அடிக்கும். அதைச் சுட்டா, வாறது போறது தெரியாத மற்றச் சுறாக்கள்தான் மிஞ்சும். நாளைக்கு வேற ஆரும் பிள்ளையள் குளிக்கேக்க மணி அடிக்காது. அதாலதான் சொல்லேல்லை. அது இண்டைக்கும் உயிரோட இருக்கு. நீங்கள் கேட்டதுக்கு இதுதான் பதில்."

கேள்வி கேட்டவர் உட்காரத் தெரியாமல் நின்றார். அம்மாவின் கை என் மணிக்கட்டை வந்து பிடித்தது. அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அத்தனை மாதம் அவருக்குப் பயிற்சி கொடுத்த எனக்கே தெரியாது.

"பிள்ளை, வீட்டை போவம்" என்றார்.

ஓட்டோ வாவியைச் சுற்றி மேலே ஏறியது. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "கேட்டா சொல்லிப் போடுவள் எண்டு பயந்துதான் நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை. எவனோ ஒருத்தன் கேட்டுப் போட்டான்."

அதன் பிறகு அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. மருமகளைத் தன் அறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா சமைத்ததைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கொண்டு வந்து கொடுத்ததைச் சாப்பிட்டார். நான் போகும் நாட்களில் பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தார், எண்ணிக்கை தவறாமல். அக்கா அறைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே பார்க்க மாட்டார், எழுந்து போகவும் மாட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. மேடையில் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் கூட வேண்டியதில்லை, "அது பெரிய கேள்வி" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கைகாட்டியிருக்கலாம். அதைக் கேட்டேன்.

"மாமியின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சுத்திப் போறது?" என்றார். பிறகு, "நான் இஞ்ச இருக்கிறது அவவுக்குக் கரைச்சல். உடுப்பு அடுக்கிப் போட்டன். நான் போகட்டோ எண்டு கேட்டுச் சொல்லு" என்றார்.

உள்ளே போனேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தார். நான் வலது காலைத் தூக்கி, முழங்காலின் அடியில் கை கொடுத்து, மெதுவாக மடக்கத் தொடங்கினேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி பாதி போன பிறகு, "கூப்பிடு அவளை" என்றார்.

அக்கா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அவுஸ்திரேலியாவில இருந்து வந்த சவப்பெட்டியைத் திறக்க விடேல்லை" என்றார் அம்மா. "மஹய்யாவைச் சுடலையில பெட்டியோடதான் எரிச்சவை. திறக்க வேண்டாம் எண்டு எல்லாரும் சேந்து முடிவெடுத்தவை. நீ அவனைப் பாத்தனியோ?"

"ஓம் மாமி. அடையாளம் காட்டினது நான்தான்."

"அதுக்குள்ள அவன் இருந்தவனோ?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. இத்தனை வருடமும் வெறும் பெட்டியை எரித்ததாக அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இருந்தவர்" என்றார் அக்கா. "முழுசா இருந்தவர். இடது தொடையில ஒரு கடிதான். கடிச்சிட்டு விட்டிட்டுப் போட்டுது. அந்த ஒண்டில இரத்தம் முழுக்கப் போட்டுது."

"முகம்?"

"முகத்தில ஒண்டும் இல்லை. நித்திரை கொள்ளிற மாதிரி இருந்தது எண்டு சொல்லமாட்டன் மாமி, அப்பிடி இருக்கேல்லை. வாய் கொஞ்சம் திறந்து, நிறம் மாறி இருந்தது. ஆனா அவற்ற முகம்தான். நாடியில சவரம் செய்யேக்க வெட்டின காயம் கூட இருந்தது."

"கரைக்குக் கொண்டு வரேக்க உயிர் இருந்ததோ?"

இதையாவது அக்கா மறைப்பார் என்று நினைத்தேன்.

"கொஞ்ச நேரம் இருந்தது. நான் போய்ச் சேர முதல் போட்டுது."

"ஏதும் சொன்னவனோ?"

"குளிருது எண்டவராம். தூக்கிக்கொண்டு வந்த பெடியன் தன்ர சட்டையைக் கழட்டிப் போத்தி, கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவனாம். தனிய இருக்கேல்லை மாமி."

அம்மா அழவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. யன்னலுக்கு வெளியே பாடசாலைப் பிள்ளைகள் சத்தமாகச் சிங்களத்தில் பேசிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"நான் இதைவிடப் பெரிசா நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார் அம்மா. "ஒவ்வொரு நாளும். துண்டு துண்டா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன் மாமி."

"தெரியும்."

அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். "அப்ப நான் போகட்டோ?"

"எங்க போறது?" அம்மா முதல்முறையாக மருமகளை நேராகப் பார்த்தார். "அந்த மீனுக்கு நீ சொன்ன ஞாயம் எனக்கு விளங்கேல்லை. விளங்கவும் வேண்டாம். மன்னிக்கவும் மாட்டன், அதையும் உன்னையும். ஆனா அவனைக் கடைசியாப் பாத்த கண் உன்ர. அதை நான் எப்பிடி வெளியில அனுப்பிறது?"

சந்தையில் குடலைப் பார்த்தவர், பிலிமத்தலாவையில் இரத்தத்தைப் பார்த்தவர், எதற்கும் முகம் திருப்பாதவர், அப்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததில்லை.

நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல்தான் என்னை உலுக்கியது.

"பிள்ளை, காலை விட்டிட்டாய். பிடி. இன்னும் முடியேல்லை."